மன்னனைக் கடத்திய பிஷப்

கி.பி. 1062-ம் ஆண்டு. வசந்த காலம்.

ஜெர்மனியில் ஓடும் ரைன் நதியில், கைசர்ஸ்வெர்த் என்று ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவில் ராஜ குடும்பத்தின் அரண்மனை ஒன்று இருந்தது.

அன்று அரண்மனையில் பெரிய விருந்து. விருந்து முடிந்ததும் சிறுவன் ஒருவன் உற்சாகமாக இருந்தான்.

அவனுக்கு வயது 11. பெயர் ஹென்றி. அவன்தான் ஜெர்மனியின் மன்னன்!

விருந்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் அவன் அருகே வந்தார். தாம் ஒரு படகு செய்து கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். மிகுந்த வேலைப்பாடு உள்ள படகு அது, வந்து பார் என்று அழைத்தார்.

சிறு பிள்ளைக்குப் படகு என்றால் ஆசை வராதா? துள்ளிக் கொண்டு போனான்.

அவன் படகில் ஏறியதுதான் தாமதம். ஆட்கள் அவனைச் சூழ்ந்து கொண்டார்கள். துடுப்புக்காரர்கள் ஒரே வேகத்தில் துடுப்பு வலித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் படகு நடு ஆற்றுக்குப் போய்விட்டது.

சிறுவன் திகைத்தான். தன்னைக் கொல்லத்தான் கொண்டு போகிறார்கள் என்று நினைத்தான். சட்டென்று எழுந்தான். ஆற்றில் குதித்தான்!

ரைன் நதி வேகமாக ஓடும் பெரிய நதி. சிறுவன் தண்ணீரில் தத்தளித்தான். எக்பர்ட் என்ற பிரபு, தம் உயிரையும் மதிக்காமல் அவன் பின்னால் குதித்தார். பெரும்பாடு பட்டு அவனைப் படகில் ஏற்றினார். அந்த எக்பர்ட்டும் கடத்தியவர்களில் ஒருவர்தான்!

கரையில் ஜனங்கள் கூடினார்கள். தங்கள் மன்னனைத் திருடிக் கொண்டு போகிறார்களே என்று கூச்சல் போட்டார்கள். கரையோரமாகவே படகைத் தொடர்ந்து ஓடினார்கள்.

படகு நிற்கவில்லை. நீரோட்டத்தை எதிர்த்துக் கொலோன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சிறுவனை ஆசை காட்டி அழைத்த அந்தப் பெரியவர் யார்? பகை நாட்டு ஒற்றரா? கொள்ளைக்காரரா?

இல்லை. அவர் கொலோன் நகரத்தின் தலைமை பிஷப். பெயர் அன்னோ.

ஒரு பிஷப் எதற்காக மன்னனைக் கடத்தினார்? 12 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு படகு அந்த பிஷப்பை என்ன பாடு படுத்தியது? அதுதான் இந்தக் கதை. கதை என்றால் கற்பனை அல்ல, நடந்த சரித்திரம்.

பிஷப்பா, சிற்றரசரா?

பிஷப் என்றால் ஒரு வட்டாரத்தில் உள்ள கிறிஸ்தவக் கோவில்களுக்கும் பாதிரிமார்களுக்கும் தலைவர். தலைமை பிஷப் என்றால் பல பிஷப்புகளுக்குத் தலைவர்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் அவர்கள் வேலை ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. அவர்களுக்கு நிலம் இருந்தது. கோட்டை இருந்தது. படை இருந்தது. சந்தையிலும் ஆற்றிலும் சுங்கம் வாங்கும் உரிமை இருந்தது. வழக்குத் தீர்க்கும் அதிகாரமும் இருந்தது.

இவ்வளவையும் கொடுத்தவர்கள் மன்னர்கள்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு பிரபுவுக்கு நிலம் கொடுத்தால், அவருக்குப் பிறகு அவர் மகன் அதை எடுத்துக் கொள்வான். மன்னனுக்குத் திரும்பி வராது. பிஷப் துறவி. நிலத்துக்கு உரிமை கொண்டாட வாரிசு கிடையாது. அவர் இறந்தால் தமக்கு வேண்டிய இன்னொருவரை மன்னர் அந்த இடத்தில் நியமிக்கலாம்.

ஆகவே, மன்னர்கள் பிஷப்புகளை நம்பி நாட்டை ஆண்டார்கள். மன்னன் பலசாலியாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. மன்னன் சிறு பிள்ளையாக இருந்தால்?

ஐந்து வயது மன்னன்

அன்னோ மிகப் பெரிய குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். தெற்கு ஜெர்மனியில் ஸ்வேபியா என்ற பகுதியில், நடுத்தரமான ஒரு பிரபு குடும்பத்தில் சுமார் 1010-ம் ஆண்டில் பிறந்தார். பாம்பெர்க் நகரத்தில் படித்தார். பிறகு அங்குள்ள பள்ளிக்கே தலைவர் ஆனார்.

அவருடைய கல்வியும் கண்டிப்பும் மூன்றாம் ஹென்றி சக்கரவர்த்தியைக் கவர்ந்தன. 1056-ல் அன்னோவைக் கொலோன் நகரத் தலைமை பிஷப் ஆக்கினார்.

கொலோன் பணக்கார ஊர். ரைன் நதி வழியாக ஓடிய வியாபாரத்தில் கொழித்த ஊர். உயர் குலத்தில் பிறக்காத ஒருவர் தங்களுக்கு எஜமானராக வந்தது ஊராருக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்தார்கள்.

அதே 1056-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி சக்கரவர்த்தி இறந்து போனார். அப்போது அவருக்கு நாற்பது வயது கூட ஆகவில்லை. அவருடைய மகன் ஹென்றிக்கு ஐந்து வயது. மூன்று வயதிலேயே அவனுக்கு முடிசூட்டி வைத்திருந்தார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளை எப்படி நாட்டை ஆள்வான்? அவன் தாய் ஆக்னெஸ், மகனுக்காக ஆட்சியை நடத்தினாள்.

ஆக்னெஸ் பிரான்ஸ் நாட்டில் பிறந்தவள், பக்தி மிகுந்தவள். அரசியல் சூழ்ச்சிகள் அவளுக்குப் பழக்கம் இல்லை. பெரிய பிரபுக்களைத் திருப்திப்படுத்த மாகாணங்களை அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தாள். யோசனை கேட்பதற்கு ஆக்ஸ்பர்க் நகர பிஷப் ஒருவரையே அதிகமாக நம்பினாள்.

மற்றவர்களுக்குப் பொறாமை மூண்டது. ராணியையும் அந்த பிஷப்பையும் இணைத்துக் கேவலமான வதந்திகளைப் பரப்பினார்கள். ராணியின் கையில் வளர்ந்தால் பையன் உருப்பட மாட்டான், நாடும் உருப்படாது என்று பேசிக் கொண்டார்கள்.

அப்படிப் பேசியவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ராணியிடம் பவேரியா மாகாணத்தைப் பெற்ற ஓட்டோ பிரபுவும் அதில் ஒருவர்! அவர்களுக்கு மூளையாக இருந்தவர் அன்னோ.

அதன் விளைவுதான் கைசர்ஸ்வெர்த் படகு.

தாய் துறந்தாள்

மகனை மட்டும் அவர்கள் எடுத்துக் கொண்டு போகவில்லை. மன்னனின் அடையாளங்களாகிய சிலுவையையும் புனித ஈட்டியையும் கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சின்னங்கள் யாரிடம் இருக்கின்றனவோ, அவரிடம் அதிகாரம் இருப்பதாக அந்நாளில் எண்ணினார்கள்.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தாள் ஆக்னெஸ். படை திரட்டவில்லை. சண்டைக்குப் போகவில்லை. ஆட்சியை விட்டு விலகினாள். சில ஆண்டுகளுக்குப் பிறகு ரோமாபுரிக்குப் போய்ப் பக்தியில் காலம் கழித்தாள். 1077-ல் அங்கேயே இறந்தாள்.

அன்னோ தம் செயலுக்கு ஒரு நியாயம் சொன்னார். மன்னன் எந்த பிஷப்பின் எல்லையில் தங்குகிறானோ, அந்த பிஷப்பே அப்போது அரசாங்கக் காரியங்களைக் கவனிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தமக்காக அல்ல, நாட்டுக்காகவே இதைச் செய்ததாகக் காட்டிக் கொண்டார்.

ஆனால் நடந்தது என்ன? 1063-ல் அரசாங்கத்துக்கு வரும் பணத்தில் ஒன்பதில் ஒரு பங்கு கொலோன் வட்டாரத்துக்கு என்று உத்தரவு பிறந்தது. அந்தப் பங்கைத் தம் எல்லையில் உள்ள மடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அன்னோவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய தம்பி வெர்னர், மாக்டபர்க் நகரத் தலைமை பிஷப் ஆனார்.

இரண்டு போப்புகள்

அந்தச் சமயத்தில் கிறிஸ்தவ உலகம் முழுவதையும் உலுக்கிய தகராறு ஒன்று நடந்தது.

1061-ல் போப்பாண்டவர் இறந்து போனார். ரோமாபுரியில் இருந்த சீர்திருத்தக் கட்சியினர் ஒருவரைப் போப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் இரண்டாம் அலெக்சாண்டர். ராணி ஆக்னெஸின் அரண்மனையோ வேறொருவரை நியமித்தது. ஒரு பீடத்துக்கு இரண்டு போப்புகள்!

யார் உண்மையான போப்? ஜெர்மனி யார் பக்கம்?

அன்னோ, ராணி எடுத்த முடிவைக் கைவிட்டார். விசாரணை செய்வதற்காகத் தம் சகோதரி மகனான பர்க்கார்டு பிஷப்பை ரோமாபுரிக்கு அனுப்பினார். 1064-ல் இத்தாலியில் மாண்டுவா நகரத்தில் பெரிய சபை கூடியது. அன்னோவும் அங்கே போனார். தாம் பணம் கொடுத்துப் பதவி வாங்கவில்லை என்று அலெக்சாண்டர் சத்தியம் செய்தார். அவரே உண்மையான போப் என்று சபை முடிவு செய்தது.

ஒரு பெரிய பிளவு தீர்ந்தது. அன்னோவுக்கு இதில் பெருமை உண்டு.

ஆனால் அவர் இத்தாலிக்குப் போய்த் திரும்புவதற்குள், இங்கே மன்னனின் மனத்தை இன்னொருவர் பிடித்துக் கொண்டார்!

வாளை உருவ எழுந்தான்

அவர் பிரேமன் நகரத் தலைமை பிஷப் அடல்பர்ட். அன்னோ கண்டிப்பானவர், அடல்பர்ட் தாராளமானவர். அன்னோ அதட்டுவார், அடல்பர்ட் சிரித்துப் பேசுவார். பையனுக்கு யாரைப் பிடிக்கும்?

1065-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி, வோர்ம்ஸ் நகரத்தில் ஹென்றிக்கு உடைவாள் கட்டும் விழா நடந்தது. அவனுக்கு வயது 14. இனி அவன் பெரியவன். சொந்தமாக ஆட்சி செய்யலாம்.

வாள் இடுப்பில் ஏறியதும் அவன் முதலில் நினைத்தது யாரைத் தெரியுமா? அன்னோவை! அந்த வாளை அவர் மேலேயே பாய்ச்சத் துடித்தான். அவனைத் தடுத்தவள் அவன் தாய் ஆக்னெஸ். மகனைப் பறிகொடுத்த அதே தாய்!

இந்தச் சம்பவத்தை ஹெர்ஸ்பெல்டு மடத்தைச் சேர்ந்த லாம்பர்ட் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். அவர் அன்னோவை மிகவும் மதித்தவர். மன்னனைப் பிடிக்காதவர். அப்படிப்பட்டவரே இதை மறைக்கவில்லை.

யாரையும் கேட்கவில்லை

அடல்பர்ட்டின் செல்வாக்கு நீடிக்கவில்லை. 1066 ஜனவரியில் அன்னோவும் மற்றப் பிரபுக்களும் சேர்ந்து அவரை அரண்மனையை விட்டு விரட்டினார்கள்.

அதே ஆண்டில் டிரியர் நகரத்தின் தலைமை பிஷப் பதவி காலியாயிற்று. அந்த இடத்துக்குத் தம் சகோதரி மகன் கோன்ராடை அன்னோ கொண்டு வந்தார்.

டிரியர் ஜனங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. தங்கள் பிஷப்பைத் தங்களைக் கேட்காமல் யாரோ எங்கிருந்தோ நியமிப்பதா என்று கொதித்தார்கள்.

பதவி ஏற்க வந்த கோன்ராடை வழியிலேயே பிடித்துச் சிறை வைத்தார்கள். 1066-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி பாறை உச்சியிலிருந்து அவரைக் கீழே தள்ளினார்கள். பிறகு வாளால் வெட்டிக் கொன்றார்கள்.

மன்னனைக் கடத்தியபோது, அவன் தாயை அன்னோ கேட்கவில்லை. பிஷப்பை நியமித்தபோது, ஊராரைக் கேட்கவில்லை. தாம் செய்வது நல்லது என்று தோன்றினால் போதும். யார் சம்மதமும் தேவை இல்லை. அதுதான் அவர் குணம்.

இவ்வளவுக்கும் அவர் சுகபோகி அல்லர். இரவு நேரத்தில் வெறுங்காலோடு கோவில் கோவிலாகப் போய் ஜெபம் செய்வார் என்றும், ஏழைகளுக்கு வாரி வழங்குவார் என்றும் லாம்பர்ட் எழுதியிருக்கிறார். 1064-ல் சீக்பர்க் மலை மேல் அவர் ஒரு மடம் கட்டினார். கட்டுப்பாடு மிகுந்த துறவிகளை இத்தாலியிலிருந்து வரவழைத்து, அதில் குடியேற்றினார்.

ஏழைக்கு இரங்கியவர்தான், எதிர்த்தவனுக்கு இரங்க மாட்டார்.

இன்னொரு படகு

1074-ம் ஆண்டு. கொலோன் நகரத்தில் ஈஸ்டர் பண்டிகை. மூன்ஸ்டர் நகர பிஷப், அன்னோவின் விருந்தாளியாக வந்திருந்தார். அவர் ஊர் திரும்ப ஒரு படகு வேண்டும்.

அன்னோவின் சிப்பந்திகள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். பணக்கார வியாபாரி ஒருவரின் படகு அவர்கள் கண்ணில் பட்டது. அதில் சரக்கு ஏற்றியிருந்தது. சரக்கை வெளியே எறிந்துவிட்டுப் படகைக் கொடுக்கும்படி அதட்டினார்கள்.

வியாபாரியின் மகன் வாலிபன், பலசாலி, ஊரில் செல்வாக்கு உள்ளவன். அவன் கொதித்து எழுந்தான். நண்பர்களைச் சேர்த்துக் கொண்டு சிப்பந்திகளை அடித்து விரட்டினான்.

இரண்டு பக்கமும் ஆயுதங்களோடு திரண்டன. ஒருவாறு அடங்கிய சண்டை, பிஷப் பேசிய பேச்சால் மறுபடியும் மூண்டது. குற்றவாளிகளைக் கடுமையாகத் தண்டிப்பேன் என்று அவர் எச்சரித்தார். ஊர் முழுவதும் கொந்தளித்தது.

கூட்டம் பிஷப்பின் மாளிகையைத் தாக்கியது. அன்னோவின் ஆட்கள் அவரை அருகில் இருந்த பெரிய கோவிலுக்குள் இழுத்துப் போய்க் கதவைத் தாழிட்டார்கள். வெளியே, மாளிகை சூறையாடப்பட்டது. சாராய அறையில் புகுந்தவர்கள் பீப்பாய்களை உடைத்தார்கள். திராட்சை மது வெள்ளமாக ஓடியது. மூலையில் பதுங்கியிருந்த ஒருவனை பிஷப் என்று நினைத்துக் கொன்று விட்டார்கள்.

நள்ளிரவு. கோவிலிலிருந்து ஒரு குறுகிய வழி துறவிகள் தூங்கும் கூடத்துக்குப் போயிற்று. அங்கிருந்து நகர மதிலை ஒட்டிய ஒரு வீட்டுக்குப் போகலாம். அந்த வீட்டுக்காரர் சில நாட்களுக்கு முன்புதான் மதிலில் ஒரு பின்வாசல் வைத்திருந்தார். அதற்கு அனுமதி கொடுத்தவர் அன்னோவே! அந்த வாசல் வழியாகக் குனிந்து வெளியேறி, குதிரை ஏறி, நொய்ஸ் என்ற ஊருக்குத் தப்பினார்.

கண்களைப் பிடுங்கினார்கள்

நான்காம் நாள் அன்னோ திரும்பி வந்தார். பின்னால் ஒரு படை! கிராமத்து ஜனங்கள் ஆயுதம் ஏந்தி அவரோடு வந்தார்கள்.

நகரத்தார் நடுங்கிப் போனார்கள். வெறுங்காலோடு, முரட்டுக் கம்பளி உடுத்தி வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

அன்று இரவே 600-க்கு மேற்பட்ட பணக்கார வியாபாரிகள் மன்னனிடம் முறையிட ஓடிப் போனார்கள் என்று லாம்பர்ட் எழுதுகிறார்.

பிடிபட்டவர்களுக்கு என்ன கதி? படகைக் காப்பாற்றப் போராடிய வியாபாரி மகனின் கண்கள் பறிக்கப்பட்டன. இன்னும் சிலருக்கும் அதே தண்டனை. மற்றவர்களைச் சாட்டையால் அடித்து முடியை வெட்டினார்கள். அபராதம் வேறு.

கலகலப்பாக இருந்த கொலோன், ஆள் நடமாட்டம் இல்லாத ஊர் போல ஆயிற்று. தெருக்கள் வெறிச்சோடின.

அங்கியில் ஒரு கறை

அதன் பிறகு அன்னோவுக்கு உடல்நலம் கெட்டது. ஒரு நாள் அவர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள்.

ஒளி வீசும் ஒரு பெரிய மண்டபம். முன்பு இறந்து போன பிஷப்புகள் வெள்ளை அங்கி உடுத்தி வீற்றிருக்கிறார்கள். ஓர் ஆசனம் மட்டும் காலி. அது தமக்குத்தான் என்று அறிந்து அன்னோ மகிழ்ச்சியோடு போகிறார்.

ஆனால் அவரை உட்கார விடவில்லை. அவர் அங்கியில், மார்புக்கு நேரே, ஓர் அழுக்குக் கறை! அதைப் போக்கிவிட்டு வா என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள்.

விழித்துக் கொண்டார் அன்னோ. கறை எது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொலோன் மக்கள் மீது நெஞ்சில் வைத்திருந்த பகைதான் அது.

1075-ம் ஆண்டு ஈஸ்டர் வந்தது. தாம் தண்டித்தவர்களை அவர் அழைத்தார். ஓடிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார்.

பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். பறித்த கண்ணை?

மன்னனும் பிஷப்பும்

1075-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி அன்னோ இறந்தார். காலில் வந்த புண்ணால் நெடுநாள் வேதனைப்பட்டார். தாம் கட்டிய சீக்பர்க் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1183-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் எலும்புகளை வைக்கச் செய்த பொன் பேழை இன்றும் சீக்பர்க் நகரத்தில் இருக்கிறது. அவரைப் புகழ்ந்து பாடிய 'அன்னோ பாட்டு', பழைய ஜெர்மன் மொழி இலக்கியங்களில் ஒன்று.

படகில் கடத்தப்பட்ட சிறுவன் என்ன ஆனான்?

அவன் வளர்ந்து நான்காம் ஹென்றி என்று பெயர் பெற்றான். பிஷப்புகளை நியமிக்கும் உரிமை மன்னனுக்கா, போப்புக்கா என்று பெரும் தகராறு மூண்டது. போப் ஏழாம் கிரிகோரி அவனைத் திருச்சபையை விட்டே விலக்கினார். 1077 ஜனவரியில், இத்தாலியில் உள்ள கனோசா கோட்டை வாசலில், உறைய வைக்கும் குளிரில், வெறுங்காலோடு மூன்று நாள் நின்று அவன் மன்னிப்புக் கேட்டான். அந்த கிரிகோரி, அன்னோ ஆதரித்த அலெக்சாண்டர் போப்பின் வலக்கரமாக இருந்தவர்!

கொலோன் நகரத்தாரும் தங்கள் கோபத்தை மறக்கவில்லை. 1288-ல் வொரிங்கன் போர்க்களத்தில், அன்றைய தலைமை பிஷப்பின் எதிரிகளோடு சேர்ந்து போரிட்டு, பிஷப் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றார்கள்.

அன்னோவின் வாழ்வை இரண்டு படகுகளுக்குள் அடக்கி விடலாம். முதல் படகில் ஒரு தாயின் மகனை எடுத்தார். நாடே அவர் கைக்கு வந்தது. இரண்டாவது படகு ஒரு வியாபாரியின் சொத்து. அதை எடுக்கப் போய்ச் சொந்த ஊரையே இழக்கப் பார்த்தார்.

கேட்டிருந்தால், அந்த வியாபாரி படகைக் கொடுத்தாலும் கொடுத்திருப்பார். அன்னோ கேட்டுப் பழகாதவர். மன்னிக்கவும் கேட்கவும் அவர் கற்றுக் கொண்டபோது, அவருக்கு மீதி இருந்தது சில மாதங்களே.